இராத்தூண்டிலுக்கு எடை குறைந்த பிவ்வி: எதைப் பார்த்து வாங்குவது?

இரவு முழுவதும் நீர்க்கரையில் தங்கி மீன்பிடிப்பவருக்குக் கூடாரம் என்பது படுத்து உறங்கும் இடம் மட்டுமன்று. அங்கிருந்துதான் அவர் தூண்டிலைக் கவனிக்கிறார். மீன் கடித்ததும் அங்கிருந்துதான் எழுந்து ஓடுகிறார். விடிந்ததும் ஈரத்தோடு அதைச் சுருட்டி, மற்றச் சாமான்களோடு தோளில் சுமந்து திரும்புகிறார். இந்த வேலைகளுக்கு ஈடுகொடுக்காத கூடாரம் எவ்வளவு இலேசாக இருந்தாலும் பயனில்லை. தூண்டில்காரர்கள் இரவில் தங்கும் சிறு கூடாரத்தைப் பிவ்வி என்பார்கள். எடை குறைந்த பிவ்வி என்ற பெயரில் இப்போது பல வகைகள் விற்பனையில் இருக்கின்றன: முன்புறம் திறந்த குடைக் கூடாரம், வளைகம்பிகளால் ஆன மூடிய ஒற்றையாள் பிவ்வி, மலையேற்றக்காரர்களின் சிறு கூடாரம், தார்ப்பாய், உறைபோல் உடலை மூடும் பிவ்விப் பை. இவற்றை மழையிலும் பனியிலும் காற்றிலும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்து சென்று, இடம் பார்த்து, ஓரிரு இரவுகள் மட்டும் தங்குபவருக்கு, முன்திரையைக் கழற்றி மாட்டக்கூடிய குடைக் கூடாரமே சரியான தேர்வு. அதற்கான காரணங்களையும், அந்த வகைக்குள்ளேயே நல்லதை எப்படிக் கண்டறிவது என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எடையிலிருந்து தொடங்குவோம். விளம்பரத்தில் அச்சிடப்படும் எடை பெரும்பாலும் கூரைத்துணி, கம்பிகள் ஆகிய இரண்டின் எடை மட்டுமே. முளைகள், தரைவிரிப்பு, முன்திரை, முன்பக்கத் தாங்குகம்புகள், சுமக்கும் உறை ஆகியவை அந்தக் கணக்கில் வருவதில்லை. கூரை மட்டும் 4.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கனமான பி.வி.சி. தரைவிரிப்பு 2 கிலோவைத் தொடும்; முன்திரை ஏறத்தாழ 1 கிலோ வரும். முளைகளைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 8 மி.மீ. தடிமனும் 20 செ.மீ. நீளமும் உள்ள எஃகு முளை ஒன்று சுமார் 80 கிராம் இருக்கும். பத்து முளைகள் என்றால் 800 கிராம். ஆகவே 4.5 கிலோ என்று நம்பி வாங்கியது கரையில் முழுமையாக நிற்கும்போது 8 கிலோவைத் தாண்டிவிடுகிறது. மழையில் நனைந்தபின் சுருட்டினால் துணி பிடித்துவைத்திருக்கும் நீரால் இன்னும் ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடுகிறது. திரும்பி நடக்கும் தூரம் வந்த தூரத்தைவிட நீண்டதாகத் தோன்றுவதற்கு இந்த நீரும் ஒரு காரணம்.

எனவே இரண்டு கூடாரங்களை ஒப்பிடும்போது, இரவில் உண்மையாகவே பயன்படுத்தப்போகும் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, மீனை நிறுக்கும் தொங்குதராசில் மாட்டிப் பார்ப்பதே நேர்மையான அளவு. அப்படிப் பார்த்தால் எடையைக் குறைக்க வேண்டிய இடம் எது, குறைக்கக் கூடாத இடம் எது என்பதும் தெளிவாகும். முளைகளை அலுமினியத்துக்கு மாற்றினால் அதே பருமனில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். கெட்டியான மண்ணுக்கு மட்டும் நான்கு எஃகு முளைகளை வைத்துக்கொண்டால் போதும். பி.வி.சி. தரைவிரிப்புக்குப் பதிலாக மெல்லிய பாலியெஸ்டர் விரிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் குடைக்கம்பிகளிலும், அவை ஒன்றுசேரும் மூட்டிலும், தையல்களிலும் சிக்கனம் செய்த கூடாரத்தை எடை குறைவு என்பதற்காக வாங்குவது தவறு. உடைவதும் ஒழுகுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது, என் பார்வையில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமானது: படுக்கையிலிருந்து தூண்டிலுக்குப் போகும் வழி. நள்ளிரவில், மீன் கடித்ததைத் தெரிவிக்கும் கடி அலாரம் ஒலிக்கிறது. கனமான மீன் ஒன்று லைனை (தூண்டில் நரம்பை) இழுத்துக்கொண்டு நீரில் மூழ்கிய வேர்களையோ செடிப்பற்றையோ நோக்கிப் போகிறது என்றால், அதைத் திருப்புவதற்குக் கிடைப்பது சில நொடிகளே. அந்த நேரத்தில் உறங்குபையின் ஜிப், கொசுவலையின் ஜிப், கதவின் ஜிப் என்று மூன்றையும் இருட்டில் தடவித் திறப்பவர் மீனை இழப்பது மட்டுமல்லாமல், கொக்கியும் அறுந்த லைனும் வாயில் தொங்கும் நிலையில் அந்த மீனை விட்டுவிடுகிறார். மீனின் நலனைக் கருதுபவருக்கு இது சிறிய விஷயம் அன்று. முன்புறம் திறந்த குடைக் கூடாரத்தில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, காலணியில் காலை நுழைத்து, இரண்டு அடி எடுத்து வைத்தால் ராடு (தூண்டிற்கோல்) கைக்கு வந்துவிடும். மூடிய பிவ்வியில் இதே வசதி வேண்டுமென்றால் கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். கதவைத் திறந்தே வைத்திருப்பதென்றால் அந்தக் கூடுதல் எடையைச் சுமந்து வந்ததற்குப் பொருளில்லை.

பார்வையும் அப்படித்தான். அனுபவமுள்ள தூண்டில்காரர் அலாரத்தை மட்டும் நம்புவதில்லை. நீர்ப்பரப்பில் மீன் துள்ளுவதையும், குமிழிகள் எழுவதையும், லைன் சாய்வதையும் படுத்தபடியே கவனிக்கிறார். விடியலுக்குச் சற்று முன் மீன் எந்தப் பக்கம் நடமாடுகிறது என்பதைக் கண்டுகொண்டால் அடுத்த வீச்சை அங்கே போடலாம். குடைக் கூடாரத்தின் முன்விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை இதற்காகத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டும். கட்டிலில் தலையணை வைத்துப் படுத்த நிலையில் நீரின் எதிர்க்கரை தெரிய வேண்டும். நிமிர்ந்து உட்காரும்போது தலை கூரையில் முட்டக் கூடாது. சில புதிய வடிவங்களில் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு மழைநீரைக் காலுக்கு அப்பால் வடியச் செய்கிறது. கூடுதல் எடை சில நூறு கிராம்தான் என்பதால் இந்த அமைப்புக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அளவைக் குறிப்பிடும் முறையில் வாங்குபவர்கள் ஏமாற வாய்ப்புண்டு. குடைக் கூடாரங்களை 45, 50, 60 என்று அங்குலக் கணக்கில் அழைப்பது வழக்கம். 60 அங்குலம் என்றால் 152 செ.மீ. என்று கணக்கிட்டு, அவ்வளவுதானா அகலம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதுவே ஆழம் என்று எண்ணிச் சிலர் வாங்கிவிடுகிறார்கள். அந்த எண் பெரும்பாலும் நடுவிலிருந்து விளிம்பு வரை செல்லும் குடைக்கம்பியின் நீளத்தைக் குறிப்பது. தரையில் கிடைக்கும் இடம் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. அகலம், ஆழம், உயரம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் கேட்டு, உங்கள் மடக்குக் கட்டிலின் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். கட்டில்கள் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 75 முதல் 85 செ.மீ. வரை அகலமும் உள்ளவை. குடைக் கூடாரத்தில் கட்டில் வாயிலுக்கு இணையாகக் குறுக்கே கிடக்கும் என்பதால் அகலமே முதலில் முக்கியம். கட்டிலின் இரு முனைகளுக்கும் கூரையின் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளியாவது இல்லாவிட்டால், காற்றோடு வரும் சாரலில் உறங்குபையின் கால்பக்கம் இரவு முழுவதும் நனையும். ஆழத்தைப் பொறுத்தவரை, கட்டிலுக்கு முன்னால் பையையும் காலணியையும் வைக்க இடமிருந்தால் போதும்.

மழையைத் தாங்கும் திறனுக்கு வருவோம். துணியின் நீர்த்தாங்கு அளவு மில்லிமீட்டரில் சொல்லப்படுகிறது: 3,000, 5,000, 10,000, சில துணிகளுக்கு 20,000 வரை. இதன் பொருள் எளிது. ஐ.எஸ்.ஓ. 811 என்ற முறைப்படி, துணியின் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போய், மறுபக்கத்தில் மூன்று இடங்களில் நீர் கசியும்போது இருக்கும் அழுத்தத்தை நீர்த்தம்பத்தின் உயரமாகக் குறிக்கிறார்கள். வானத்திலிருந்து விழும் மழை உருவாக்கும் அழுத்தம் இந்த எண்களோடு ஒப்பிட மிகக் குறைவானது. தையல்கள் சரியாக இருந்தால் 3,000 மி.மீ. துணியே நல்ல மழையை நிறுத்திவிடும்; 5,000 மி.மீ. இருந்தால் துணி பழசாகிப் பூச்சு தேய்ந்த பிறகும் கைகொடுக்கும். கூரைக்கு 20,000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணமும் எடையும் கொடுக்கத் தேவையில்லை. முழங்காலும் கட்டிற்காலும் ஒரே புள்ளியில் அழுத்தும் தரைவிரிப்புக்குத்தான் உயர்ந்த எண் வேண்டும்.

துணியின் பருமனைக் குறிக்கும் எழுத்துகளிலும் கவனம் தேவை. 210டி என்று சொல்லும்போது அது டெனியரா, இழை எண்ணிக்கையா என்று கேளுங்கள். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் கூடக் கூட நூல் தடித்து, துணி கனமாகும். மற்றொன்று ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை. அது துணி எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு வலியது என்பதைச் சொல்லாது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு டி (D) என்ற எழுத்தும் இரண்டாவதற்கு டீ (T) என்ற எழுத்தும் இருப்பதால், கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல் ஒலித்து, மெல்லிய துணி கனத்த துணியின் பெயரில் விலைபோய்விடுகிறது. விரல்களுக்கிடையில் துணியைத் தேய்த்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

நைலானா பாலியெஸ்டரா என்ற கேள்விக்கு என் பதில் பாலியெஸ்டர். ஒரே எடையில் நைலான் வலிமை மிக்கது என்பது உண்மைதான். ஆனால் நைலான் நீரை உறிஞ்சித் தளர்கிறது. மாலையில் முரசுத்தோல்போல் இழுத்துக் கட்டிய கூரை நள்ளிரவு மழையில் தொய்ந்து, தொய்ந்த பள்ளத்தில் நீர் தேங்கி, அந்தப் பாரம் மேலும் தொய்வை உண்டாக்கும். தூக்கத்திலிருந்து எழுந்து கயிறுகளை மீண்டும் இறுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் நீரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரையும் நைலானைவிட நன்றாகத் தாங்குகிறது. பகலிலும் விரித்தே கிடக்கும் தூண்டில் கூடாரத்துக்கு இந்த இரண்டு குணங்களும் வலிமையைவிட மேலானவை.

ஆயினும், நான் பார்த்தவரை, தூண்டில்காரர்களை நனைப்பது மழையைவிட உட்புற ஈரமே அதிகம். விடியற்காலையில் கூரையின் உட்பக்கத்தைத் தொட்டால் விரல் நனைகிறது. குடைக்கம்பியின் வழியாக நீர்த்துளி ஓடிவந்து, கம்பியும் துணியும் சேரும் தையலில் ஒரு கணம் தொங்கி, உறங்குபையின்மீது விழுகிறது. கூடாரம் ஒழுகுகிறது என்று குறைகூறித் திருப்பிக் கொடுக்கப்படும் பல கூடாரங்கள் உண்மையில் ஒழுகுபவை அல்ல. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் வெளியேறும் நீர் கால் லிட்டர் அளவுக்கு எளிதாக வரும். தெளிந்த வானத்தை நோக்கிக் கிடக்கும் துணி தன் வெப்பத்தை மேல்நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த அந்தத் துணியில், ஈரம் நிறைந்த நீர்க்கரைக் காற்று பட்ட இடத்திலெல்லாம் நீராகப் படிகிறது. அதாவது, கூடாரத்துக்குள் ஆளே இல்லாவிட்டாலும் ஓரளவு ஈரம் படியவே செய்யும்.

இதற்கு மருந்து காற்றோட்டம் ஒன்றே. குடைக் கூடாரத்தின் பெரிய சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது: முன்புறம் முழுவதும் திறந்திருப்பதால் உள்ளே சேரும் ஈரக்காற்று தேங்காமல் வெளியேறிவிடுகிறது. பின்சுவரில் தாழ்வாக ஒரு காற்றுத்துளையும் இருந்தால், காற்று பின்னால் நுழைந்து முன்னால் வெளியேறும் ஓட்டம் உண்டாகும். அப்படிப்பட்ட துளை இல்லாத கூடாரத்தை, வேறெல்லாச் சிறப்பும் இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். துளைக்கு மேல் மழைமறைப்பும், உள்ளே கொசுவலையும், தேவையானபோது மூடிக்கொள்ள மடிப்பும் இருக்க வேண்டும்.

ஈரத்தை வெளியே விடும் துணிகளைப் பற்றியும் ஒரு சொல். 1969இல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர், டெஃப்லான் என்று பரவலாக அறியப்படும் பி.டி.எஃப்.இ. என்ற பொருளைச் சட்டென இழுத்து நுண்துளைகள் நிறைந்த படலமாக்கியதிலிருந்து, நீரைத் தடுத்து ஆவியை விடும் துணிகள் பெருகின. கூடாரங்களிலும் இத்தகைய துணிகள் வந்துவிட்டன. இவை செயல்படுவது உள்ளேயும் வெளியேயும் உள்ள ஆவியழுத்த வேறுபாட்டால். குளிர்ந்த, உலர்ந்த இரவில் அந்த வேறுபாடு இருக்கும். வெப்பமான, காற்றிலேயே ஈரம் ததும்பும் இரவில் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் பயனும் குறைவு. குளிர்காலத்தில் அதிகம் தங்குபவர் இத்தகைய துணிக்குப் பணம் கொடுப்பதில் பொருளுண்டு. மற்றவர்கள் அதே பணத்தை நல்ல கட்டிலுக்குச் செலவிடலாம்.

கூடாரம் எதுவாயினும், அதை நிறுத்தும் இடம் பாதி வேலையைச் செய்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கி நீர்விளிம்பின் பள்ளங்களில் தேங்கும். ஒரு மீட்டர் உயரமான மேட்டில் நிறுத்திய கூடாரம் பள்ளத்தில் நிறுத்தியதைவிட உலர்ந்திருக்கும். பின்னிரவில் நீர்மட்டம் ஏறினாலும் கவலையில்லை. மரத்தடியில் பனி குறைவாகவே விழும். ஆனால் அண்ணாந்து பார்த்து, பட்ட கிளை எதுவும் மேலே இல்லை என்று உறுதிசெய்த பிறகே அங்கே விரிக்க வேண்டும். இடி மின்னல் வரும்போல் தெரிந்தால் தனிமரத்தின் அடி கூடவே கூடாது.

காற்று, குடைக் கூடாரத்தின் பலவீனம். திறந்த முன்புறம் காற்றை நேரே வாங்கினால் கூரை பாய்மரம் ஆகிவிடும். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மாலையில் இலேசாக அசையும் துணியைப் பார்த்து இரவை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். முதுகுப்புறத்தைக் காற்றுக்குக் காட்டி நிறுத்துவதே முதல் பாதுகாப்பு. மீனிருக்கும் இடத்தை நோக்கித்தான் காற்று வீசுகிறது, ஆகவே காற்றைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது முன்விளிம்பைத் தாங்கும் இரண்டு கம்புகளும், அவற்றிலிருந்து முன்னோக்கி இழுத்துக் கட்டிய இரண்டு கயிறுகளும் இன்றியமையாதவை. இந்தக் கம்புகள் சேர்த்தே விற்கப்படுகின்றனவா என்று கேட்டுவிடுங்கள். அவற்றைத் தனியாக விற்கும் கூடாரத்தின் விலை பார்வைக்குக் குறைவாகத் தெரியும்.

முளை, கயிறு இழுக்கும் திசைக்குச் செங்குத்தாக மண்ணில் இறங்க வேண்டும். மணலில் மெல்லிய முளை நிற்காது. அகலமான முளையோ, மணல் நிரப்பிப் புதைத்த பையோ வேண்டும். பாறைக் கரையில் கல்லில் கட்டலாம். மரப்பலகை மேடை என்றால் பலகைக்குள் திருகி இறக்கும் முளைகள் வேண்டும். கயிறுகள் இருட்டில் ஒளியைத் திருப்பும் இழையுள்ளவையாக இருந்தால், மீனை அள்ளும் வலையோடு ஓடும்போது கால் சிக்காது. குடைக்கம்பிகள் அலுமினியமாக இருப்பது நல்லது. கண்ணாடியிழைக் கம்பி விலை குறைந்தது. ஆனால் முறிந்தால் கூர்மையான செதில்களாகப் பிளந்து துணியைக் கிழிக்கும். எடை மிகக் குறைந்த கார்பன் கம்பிகளும் உண்டு. மின்கம்பிகளுக்குக் கீழே தாங்குகம்புகளை நட்டு நிறுத்துவதையும், கார்பன் ராடைத் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்.

முன்திரை கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. கோடையிரவில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரு கிலோவை மிச்சப்படுத்தலாம். கொசு மிகுந்த நீர்நிலைக்குத் துணித்திரைக்குப் பதிலாக வலைத்திரையை மட்டும் எடுத்துச் செல்லலாம். காற்று திரும்பினால் பாதியை மட்டும் மாட்டி ஒரு பக்கத்தை மறைக்கலாம். சில நீர்நிலைகளில் திறந்த குடையை அனுமதித்து, நான்கு பக்கமும் மூடிய கூடாரத்தை முகாம் என்று கருதித் தடைசெய்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. திரை, ஜிப்பினால் இணைகிறதா வெல்க்ரோவினால் இணைகிறதா என்று பாருங்கள். பெரிய பல்லுள்ள ஜிப் சேறுபட்டாலும் ஓடும். வெல்க்ரோவில் புல்லும் மணலும் சிக்கிச் சில பருவங்களிலேயே பிடிப்பு போய்விடும். தரைவிரிப்பு கூரையோடு சேர்த்துத் தைக்கப்படாமல் தனியாக இருப்பதே நல்லது. சேற்றை நீரில் அலசி, தனியே சுருட்டி, உலர்ந்த கூரையை நனைக்காமல் எடுத்துவரலாம்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னால் போதும். வளைகம்பிகளால் ஆன மூடிய ஒற்றையாள் பிவ்வி 7 முதல் 12 கிலோ வரை வரும். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்குபவருக்கும், தள்ளுவண்டி செல்லும் கரைக்கும், கடுங்குளிருக்கும் அது மிகச் சிறந்தது. இலேசு என்ற அடைமொழியை அதற்குச் சூட்டுவது மட்டும் பொருந்தாது. மலையேற்றக்காரர்களின் கூடாரம் ஒன்றிரண்டு கிலோதான். மூடிய கூடாரங்களில் எடையில் அதை எதுவும் வெல்லாது. ஆனால் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேற வேண்டும், கட்டில் உள்ளே நுழையாது, உட்கார்ந்தபடி நீரைப் பார்க்க வழியில்லை. பல மணி நேரம் நடந்தாலன்றி அடைய முடியாத நீர்நிலைக்குப் போகிறவர்கள் மட்டும் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். தார்ப்பாய் மலிவானது, ஒரு கிலோவுக்கும் குறைவாகவே கிடைக்கும். இரண்டு மரங்கள் சரியான இடத்தில் வாய்த்தால் அதைவிடக் காற்றோட்டமான கூரை கிடையாது. மரமில்லாத கரையில் கம்புகளைச் சுமந்தாக வேண்டும், காற்றின் திசை மாறியதும் எழுந்து மறுபடியும் கட்டியாக வேண்டும். பிவ்விப் பை கூரைக்கு மாற்றாகாது. மீன் கடித்ததும் அதிலிருந்து வெளியேறுவது எல்லாவற்றிலும் கடினம். திறந்த குடைக்கு அடியில் உறங்குபையின்மீது மேலுறையாக, இடுப்புவரை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டால் சாரலுக்கும் பனிக்கும் அது நல்ல துணை.

அடுப்பைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்பீட்டை முடிக்க முடியாது. முன்திரையை மூடிக்கொண்டு உள்ளே எரிவாயு அடுப்பையோ கரியையோ எரிப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் களைப்பென்றே தோன்றும், உறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. தீ அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியும் அந்த வாயுவை நெடுநேரம் வெளியிடும். கூடாரத்தில் காற்றுத்துளை இருப்பது இதற்கு ஈடாகாது. பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தீக்காயமும் கொடுமையாக இருக்கும். தேநீர் வேண்டுமென்றால் அடுப்பைக் கூரைக்கு வெளியே வைத்துக் கொதிக்கவிடுங்கள். குளிருக்கு எரியும் எதையும் நாடாமல், உடல் வெப்பத்தைக் காக்கும் உறங்குபையில் பணத்தைச் செலவிடுங்கள்.

எவ்வளவு காலம் உழைக்கும் என்பது பெரிதும் உலர்த்துவதைப் பொறுத்தது. துணியின் உட்பக்கத்தில் பூசப்படும் பாலியூரிதேன் பூச்சு, ஈரத்தோடும் வெப்பத்தோடும் மடித்து வைக்கப்பட்டால் மெல்லச் சிதைகிறது. முதலில் பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் வரும், பிறகு செதில் செதிலாக உதிரும். அந்த நிலைக்கு வந்த கூடாரத்தைச் சீர்செய்ய வழியில்லை. வீடு திரும்பிய அன்றே விரித்து, நிழலில் காற்றாட உலர்த்தி, கெட்டியாக அமுக்காமல் தளர்வாக மடித்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். வெளிப்பக்கத்தில் மழைத்துளி உருண்டோடாமல் பரவி ஊறத் தொடங்கினால், நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள்; துணியை வெறும் நீரில் கழுவி, கடையில் கிடைக்கும் நீர்விலக்கித் திரவத்தைத் தெளித்தால் சரியாகிவிடும். ஃபுளோரின் சேர்மங்களைத் தவிர்த்துச் செய்யப்படும் புதிய பூச்சுகளுக்கு இதைக் கொஞ்சம் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். சுற்றுச்சூழலில் அழியாமல் தங்கும் நஞ்சைக் குறைப்பதற்கு இந்தச் சிறு உழைப்பு தகும் என்றே நான் கருதுகிறேன்.

கடையில் கூடாரத்தைப் பார்க்க வாய்ப்பிருந்தால், விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போய் நின்று, வெளிச்சத்தை நோக்கிக் கூரையைப் பாருங்கள். தையல்மேல் ஒட்டிய நாடா முழு நீளத்துக்கும் சீராகப் படிந்திருக்கிறதா, குடைக்கம்பியின் நுனி துணியில் அழுத்தும் இடத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா, முளைவளையங்கள் விளிம்பு நாடாவோடு குறுக்குத் தையலால் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். நடுமூட்டை மூன்று நான்கு முறை மடக்கி விரியுங்கள். கையுறை அணிந்த விரலாலும் அதன் பூட்டை விடுவிக்க முடிய வேண்டும். பிறகு அதை மீண்டும் அதன் உறைக்குள் நீங்களே போட்டுப் பாருங்கள். கடையின் உலர்ந்த தரையில் சிரமப்பட்டு நுழைவது, மழையில் நனைந்தபின் நுழையவே நுழையாது. உறை ஓர் அளவு பெரிதாக உள்ள கூடாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.